உப்புக்காற்றில் போன பலகை

“வெற்று நிறுவல் வேணும்” என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் சார் திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வாய் தவறிச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ.

“வெற்று நிறுவல் சார். முழுசா அழிச்சிட்டு அடியிலேருந்து. எங்கம்மா பேருல.”

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்த ஒன்று அது. கல்லூரியில் இடம் கிடைத்தபோது மாமா சொன்னார். பட்டம் வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா சொன்னாள். கேட்டால் நம் வீட்டில் படித்த ஆள் இல்லை என்று ஆகிவிடும், வாசல் விளக்கு மஞ்சளாகிவிடும், அந்த வீட்டுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். அண்ணன் பால்துரைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, மனைவியும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் இனி யாருக்குப் பெண் கேட்கப் போகிறோம் என்று நான் கேட்டதற்கு அம்மா வாயை மூடச் சொன்னாள்.

தூத்துக்குடியில் எங்கள் பகுதிச் செயலுறுத்தல் மையத்தில் சனிக்கிழமை எப்போதும் கூட்டம்தான். இல்லக்கணினி டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. காய்கறிக் கூடையில் வைத்து, உப்புக்காற்று படாமல் ஈரமில்லாத துண்டால் மூடி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவருவார்கள். பெட்டி ஓடவில்லையென்றால் வாசல் கதவு கையால்தான் திறக்கும். தண்ணீர் பங்கீடு வராது. ரேஷன் வராது. அண்ணன் சம்பளம் வீட்டுக் கணக்கில் ஏறாது. அம்மாவுக்கு இட்லி மாவு ஆர்டர் ஒன்றும் வராது. இயங்குதளம் செயலுறாத வீட்டை ‘குறைநிலை’ என்பார்கள். எங்கள் தெருவில் அது ஒரு வசவு.

“யம்மா, அத யாரும் கேக்க மாட்டாவ” என்றார் ஜெபசிங். “உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். போர்டு மாறியிருக்கு. பெட்டி இத வேற வீடுன்னு நெனைக்கி. அவ்வளவுதான் கோளாறு. நீ வந்து இந்த மைக்குல ‘இருக்கேன்’னு ஒரு வார்த்த சொல்லு. மறுநிறுவல் போட்டு, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கையில குடுத்துருவேன்.”

“சொன்னா உறுதிக்காலம் திரும்ப முதல்லேருந்து ஓடும்.”

“ஆமா. அது சட்டம்லா.”

“எனக்குத் திங்கக்கிழம பாம்பன்ல வேல சார்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் பார்த்தாள். பெட்டியை மையத்துக்குக் கொண்டுபோக மாற்றுத்துணிப் பை எதற்கு என்று கேட்கவில்லை.

பொய்க்குரல் காலத்தை நான் பார்த்ததில்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மகன் குரலில், மேனேஜர் குரலில், பாதிரியார் குரலில் இயந்திரங்கள் வீடுவீடாகப் பேசி, மனைப்பத்திரம்வரை எழுதி வாங்கிக்கொண்ட சில வருடங்கள். அதன் பிறகுதான் சான்றாள் சட்டம் வந்தது. ஒவ்வொரு இல்லக்கணினிக்கும் ஒரு சான்றாள் வேண்டும். அந்த வீட்டிலேயே வசிக்கிற, பட்டம் வாங்கிய ஆளாக இருக்க வேண்டும். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று கணக்கு. பொய்க்குரலிடம் முதலில் ஏமாந்தது பட்டதாரிகள்தான். சட்டம் எழுதியவர்களும் பட்டதாரிகள்தான் என்பதால் அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படித்தவர்கள் நிறைந்த வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. அப்பா போனால் மகள், மகள் போனால் மருமகள். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பா இல்லை. அண்ணன் பன்னிரண்டாவதைத் தாண்டவில்லை, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். அண்ணி பத்தாவது. ஆக, வீட்டின் இயங்குதளம் ஓடுவது என் தொண்டையில். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் சமையலறைச் சுவரைப் பார்த்து “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சுவரில் பொருத்தியிருக்கும் பெட்டி என் குரலைக் கேட்டுக்கொள்ளும். விளக்கு பச்சையில் நிற்கும். காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்டபோது அம்மா சுக்குக் கஷாயத்தோடு தலைமாட்டில் நின்றாள். எனக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஓராளுக்கு ஓர் இடம்தான். உறுதிக்காலம் முடியும்வரை சான்றாள் வேறு வீட்டுக்குச் சான்றாக முடியாது. பாம்பனுக்கு அப்பால் கடல்காற்றாலையில் எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையும் ஒரு இல்லம்தான். அங்கேயும் ஒரு பெட்டி என் “இருக்கேன்” என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பட்டம் வாங்கிய அன்று தொடங்கிய உறுதிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று வேலைக்கு விண்ணப்பித்தேன். உடனே வந்து சேரச் சொன்னார்கள். மிச்சமிருக்கும் நாட்களுக்கு விலக்கு கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பெட்டியின் தாய்ப்பலகை போய்விட்டது. கருகிவிட்டது என்று சொல்லி அண்ணன் புதுப் பலகை வாங்கிப் பொருத்தினான்.

எங்கள் தெருவில் பலகைகள் அடிக்கடி போகும். உப்பளத்திலிருந்து அடிக்கிற காற்று அப்படி. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற லீலாவதி அத்தை மடியிலும் ஒரு கூடை இருந்தது.

“எங்க வீட்லயும் போச்சுட்டி” என்றாள். “சவத்துக் காத்து. ஜெயந்திக்கு அடுத்த மாசத்தோட முடியுது, அதுக்குள்ள இப்படி.”

ஜெயந்தி அக்கா எங்கள் தெருவின் இன்னொரு பட்டதாரி. முன்பு ஒருமுறை மதுரையில் அவளுக்குக் கல்யாண இடம் அமைந்தபோதும் அத்தை வீட்டில் பலகை போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு உறுதிக்காலம் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஜெயந்தி அக்கா இன்னும் தினமும் காலையில் சுவரைப் பார்த்து “இருக்கேன்” சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜெபசிங் பொறுமையாக வேறு வழியில் வந்தார். “சரி, நீ கேக்க உனக்கு உரிமை இருக்கு. ஆனா வெற்று நிறுவல இப்ப இருக்கிற சான்றாள்தான் கேக்க முடியும். இந்தப் புது போர்டுக்கு நீ யாருன்னே தெரியாது. நீ இன்னும் சான்றாளே இல்ல. எப்படிக் கேப்ப?”

“பழைய போர்டுல நான் சான்றாள்தானே?”

“அது கருகிப்போச்சுன்னு எழுதியிருக்கே.”

“எங்கண்ணன் சொன்னான். நீங்க பாத்தியளா?”

பையைத் திறந்து பாலிதீன் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

அம்மா ஒரு சத்தம் போட்டாள். பேச்சாக வரவில்லை, மூச்சாக வந்தது. “அத எங்கேருந்து எடுத்த?”

“அரிசி டிரம்முலேருந்து.”

காலையில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது கை பட்டது. நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வைப்பதுபோல் கருகிய பலகையையும் புதைத்து வைத்திருக்கிறாள் அம்மா என்று நினைத்தேன். தனியாக நின்று சிரித்தேன்கூட. மூன்று பாலிதீன் உறை, ஒவ்வொன்றும் ரப்பர் பேண்டு போட்டு. அவ்வளவு பத்திரமாகச் சுற்றியிருந்தது எனக்கு உறைக்கவில்லை. மையத்தில் பழையதைக் கேட்டாலும் கேட்பார்கள் என்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“கருகுனத எதுக்குட்டி சாருக்குக் காட்டுத? அவருக்கு வேற வேல இல்லையா?” என்றாள் அம்மா. “வெச்சிரு. நேரமாவுதுலா.”

“ஒருக்கப் போட்டுப் பாப்போம்” என்றார் ஜெபசிங். என்னைச் சமாதானப்படுத்திவிட்டால் வேலை முடிந்துவிடும் என்பதுபோல்தான் சொன்னார். உறைகளைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து புதுப் பலகையைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பொருத்தினார்.

பெட்டி உடனே விழித்துக்கொண்டது.

“வணக்கம், மாரிச்செல்வி” என்றது. “சில நாட்களாக உங்கள் குரலைக் கேட்கவில்லை. உங்கள் உறுதிக்காலம் இம்மாத இறுதியில் நிறைவடைகிறது. இருக்கிறீர்களா?”

ஜெபசிங் திருப்புளியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். யாராவது ஆச்சரியப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. லீலாவதி அத்தை தன் கூடையின் துண்டை இழுத்து இன்னும் நன்றாக மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிவாகும் மாதம், வேலை கிடைக்கும் மாதம், உறுதிக்காலம் முடிகிற மாதம். எங்கள் தெருவில் உப்புக்காற்று ஆள் பார்த்துத்தான் அடித்திருக்கிறது.

“யம்மா, இது கருகல.”

“தெரியும்.”

“பால்துரைட்ட சொல்லி மாத்தினியா?”

“அவன ஒண்ணும் சொல்லாத. நாந்தான் மாத்தச் சொன்னேன்.”

“ஏன்?”

“ஏன்னா? நீ போயிருவன்னு தெரியும்லா.”

“இருன்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா இருப்பியா?”

“மாட்டேன்.”

“பெறவு?”

ஜெபசிங் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவருக்குத் தாகம் இருந்ததாகத் தெரியவில்லை.

“தூக்கிப் போட்டிருக்க வேண்டியதான, இத?” என்றேன். “அரிசிக்குள்ள எதுக்கு வெச்ச?”

“நல்ல பொருள எப்படிட்டி தூக்கிப் போட?” என்றாள் அம்மா. உண்மையிலேயே புரியாதவள்போல் கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் ஏறிவிட்டது. “உன் வீட்டு லைட்டு எரியவா என்னப் படிக்க வெச்ச?”

“ஆமான்னு வெச்சுக்கோ. அதுல என்ன தப்பு?” அம்மாவும் இறங்கவில்லை. “உன்னச் சேர்க்கும்போது என்ன சொன்னாவ? புள்ள படிச்சா கதவு தொறக்கும், தண்ணி வரும், நாலு பேரு மதிப்பாவன்னு சொன்னாவ. நான் மாவாட்டுனேன். நீ படிச்ச. தொறந்துச்சு, வந்துச்சு. இப்ப அத எடுத்துட்டுப் போறேங்குத. நான் என்ன செய்யணும்? கையக் கட்டிட்டு நிக்கணுமா?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் எரிச்சல். யாரோ எழுதிய சட்டம் ஒரு பொம்பளையிடம் வந்து, உன் வீட்டுக்கு மதிப்பு உன் மகள் தொண்டையில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அவள் அந்தத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். உன் குரலுக்கே மதிப்பு உண்டு என்று சட்டத்தில் இன்னொரு வரி இருப்பதை அவளுக்கு எவனும் படித்துக் காட்டவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. நான் அதைப் படித்ததே வேலை கிடைத்த பிறகுதான்.

“இந்த வெற்று நிறுவல் என்னன்னு தெரியுமா உனக்கு?” என்றேன்.

“படிக்காதவன் வீட்டுக்குப் போடுறது.”

“யாருக்கும் போடுறது. சான்றாள் விலகி, பெட்டிய அழிச்சிட்டா, உறுதிக்காலம் அதோட முடிஞ்சிரும். அந்த வீட்ல இருக்கிற எந்தப் பெரிய ஆளும் தன் குரலாலயே பொறுப்பேத்துக்கலாம். பட்டம் வேண்டாம்.”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுட்டி.”

“எழுதச் சொல்லாது. பேசத்தான் சொல்லும். ஒனக்குப் பேசத் தெரியாதா? தண்ணி லாரிக்காரன நடுத்தெருவுல அழ வெச்சவதான நீ?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா முறைத்ததும் அடங்கினார்கள்.

ஜெபசிங் திரும்பி வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “கொஞ்ச மாசத்துக்கு எல்லாத்துக்கும் கேள்வி கேக்கும் பாத்துக்கோங்க. பொய்க்குரல்ல பேசி உங்களச் சோதிக்கும். ஏமாந்தா மறுபடி கேக்கும். லைட்டு மஞ்சளா இருக்கும். மாவு ஆர்டர் பழசு எல்லாம் போயிரும்.” பிறகு என்னைப் பார்த்தார். “உன் பேரும் போயிரும்மா. அழிச்ச பெறவு அந்தப் பெட்டிக்கு நீ யாருன்னே தெரியாது. உன் வீட்டுக் கதவு உனக்குத் தொறக்காது. அம்மா சொன்னாத்தான் தொறக்கும்.”

“அவ சொல்லலன்னா?”

“விருந்தாளிதான். அதுவும் அவங்க கூப்புட்டா.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. எங்கள் சமையலறைச் சுவர் என் பெயர் தெரியாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். தினமும் அந்தச் சுவரைத் திட்டிக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். இருந்தாலும் பிடிக்கவில்லை.

“மாசக் கடைசிவர இந்த போர்டுலயே ஓட்டலாம்” என்றார் ஜெபசிங், கடைசி முயற்சியாக. “அப்புறம் குறைநிலையாயிரும். ஆனா அதுவர யோசிக்க நேரம் இருக்கும்லா.”

“அதுவர வீட்ல இருந்தா இதுவும் போயிரும் சார். இந்தத் தடவ நெசமாவே கருகும்.”

அம்மா மறுக்கவில்லை.

மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். “மாரிச்செல்வி பேசுதேன். சான்றுப் பொறுப்புலேருந்து விலகுதேன். முழுசா அழிச்சு, வெற்று நிறுவல் செய்யணும்.”

“இச்செயலைத் திரும்பப் பெற இயலாது” என்றது பெட்டி. “உறுதியா?”

“உறுதி.”

அழித்து முடியும்வரை அம்மா கூடைத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். சுவரோரப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை மட்டும், தனக்குத்தானே சொல்வதுபோல், “தப்பாச் சொல்லிட்டா?” என்றாள்.

“திரும்பக் கேக்கும்.”

“எத்தன தடவ?”

“நீ சொல்லுதவரைக்கும்.”

“மூதி” என்று வைதாள். பெட்டியையா என்னையா என்று கேட்கவில்லை.

வெற்று நிறுவலுக்கு உள்ளே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதிகம் பயன்படாததால் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜெபசிங் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, மேசையைத் துடைத்து, பெட்டியை வைத்தார். நான் வரிசையைத் தாண்டி உள்ளே போகும்போது லீலாவதி அத்தை என் கையைப் பிடித்தாள்.

“பெத்தவள இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போறியே, நல்லாவாட்டி இருக்கு?”

“அத்த, உங்க வீட்டுப் பழைய போர்டையும் கொண்டாந்து காட்டுங்க. ஜெயந்தி அக்காவையும் கூட்டிட்டு வாங்க.”

கையை விட்டுவிட்டாள்.

அறைக்குள் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, போட்டோ எடுக்க உட்கார்ந்தவள்போல் நிமிர்ந்துகொண்டாள். நான் பின்னால் நின்றேன். பெட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தது.

“புதிய இல்லம்” என்றது. குரல் அதேதான், ஆனால் யாருக்கும் பழக்கமில்லாத குரல்போல் இருந்தது. “பட்டம் பெற்ற ஒருவர் அருகில் இருப்பதாக அறிகிறேன். அவரையே சான்றாளாக ஏற்கலாமா?”

அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெட்கமே இல்லை. சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை.

“இல்ல” என்றேன்.

“பட்டம் பெற்ற ஒருவர் அருகில் இருப்பதாக அறிகிறேன். அவரையே—”

“நீ நிக்கிறவரைக்கும் அது இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருக்கும்மா” என்றார் ஜெபசிங் வாசலில் நின்றபடி. “நான் இங்க ஊழியன்னு அதுக்குத் தெரியும், கணக்குல எடுக்காது. பட்டதாரிப் பதிவேட்டுல இருக்கிற ஆளு பக்கத்துல இருந்தா அம்மா பக்கமே திரும்பாது. அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கான். நீ வெளிய போனாத்தான் அது அவங்களக் கேக்கும்.”

பையைத் தோளில் ஏற்றினேன். அம்மா தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது, வைக்கவில்லை. வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

“பாம்பன் போனதும் கூப்புடுதேன்.”

“கூப்புடு” என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. “நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கேள்வி கேளு. அதுக்குத்தான் இப்ப கத்துக்கப் போற.”

கண்ணாடிக் கதவு மெதுவாக மூடும் வகை. நான் நடந்து கூடத்தைத் தாண்டும்போதும் பின்னால் அது மூடிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் அம்மா குரல் வந்தது, தெருமுனைவரை கேட்கும் அவளுடைய குரல்.

“ஏ செல்வி! மாரிச்செல்வி!”

பெட்டி நிதானமாகச் சொன்னது. “அப்பெயரில் இந்த இல்லத்தில் எவரும் இல்லை. பேசுவது யார்?”

நான் நிற்கவில்லை. வெளியே உப்புக்காற்று வழக்கம்போல் எல்லார் முகத்திலும் ஒரேமாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம் பக்கம் திரும்பி நடந்தேன்.